பேரிடர் நடந்ததும் தலைவர் உடனே நேரில் போக வேண்டுமா?

கேள்வி: வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், நாட்டின் தலைவர் மறுநாளே அங்கே நிற்க வேண்டும் என்கிறார்கள். போவதால் யாருக்கு லாபம்?

முகாம்காரன்: நிவாரண முகாமில் தன்னார்வலராக இருந்தவன் நான். தலைவர் வருகிறார் என்று சாலையை அடைத்தார்கள். எங்கள் மருந்து வேன் இரண்டு மணி நேரம் நின்றது. ஐஸ் உருகி இன்சுலின் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மீட்புப் பணி முடியட்டும், அப்புறம் வரலாம்.

இன்னொருவர்: சரி, வராவிட்டாலும் ஏசுவார்களே! 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயல் சேதத்தை அப்போதைய அதிபர் புஷ் விமான ஜன்னல் வழியே பார்த்த படம் அவரை விடவே இல்லை. 1966இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளியை மூடிய அபெர்ஃபான் விபத்துக்கு எலிசபெத் ராணி எட்டு நாள் கழித்துப் போனதையும் இன்றுவரை பேசுகிறார்கள்.

முகாம்காரன்: பேசட்டுமே. எங்கள் வேனுக்கு வழி விட்டால் போதும்.