கேன்சல் பொத்தானுக்கு எந்தச் சொல்?

> கேன்சல் எங்கே வந்தாலும் 'ரத்து' என்றே வைப்போம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் இருந்தால்தான் குழப்பம் வராது.

வணக்கம் நண்பர்களே,

மேலே ஒருவர் சொல்லியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குழப்பம் தொடங்குவதே அங்கேதான். நேற்று நம் மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பைச் சோதித்துப் பார்த்தேன். திரையில் "முன்பதிவை ரத்து செய்யவா?" என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, ரத்து. முன்பதிவு வேண்டாம் என்று வந்தவர் எதை அழுத்துவார்? 'ரத்து' என்பதைத்தான். அழுத்தினால் கேள்விப் பெட்டி மூடிக்கொள்ளும், முன்பதிவு அப்படியே இருக்கும்!

கேன்சல் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்துச் சொல் ஆக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இலத்தீனில் கன்கெல்லி என்றால் கம்பித் தடுப்பு. எழுதியதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்தால் அது கம்பித் தடுப்பைப் போலத் தெரியும். அதனால் எழுத்தை அப்படி அடிப்பதற்குக் கன்கெல்லாரே என்று பெயர் வந்தது. அதுவே பிரெஞ்சு வழியாகக் கேன்சல் ஆயிற்று. நீதிமன்றத் தடுப்பருகே நின்ற பணியாளர் கன்கெல்லாரியுஸ். இன்றைய சான்சலர் அவர் வழி வந்த பெயர்தான்.

இந்த வேருக்கு நேர் சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது' என்கிறோமே, அந்த அடித்தல். பின்னக் கணக்கில் மேலே ஓர் ஐந்து, கீழே ஓர் ஐந்து வந்தால் இரண்டையும் அடித்துவிடுகிறோம். கணக்குக்கு அது கச்சிதம். பொத்தானில் 'அடி' என்று போட்டால் டைப் அடிக்கச் சொல்வதாகத்தான் படும். 'ரத்து' அரபியிலிருந்து வந்தது என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. ஆணை, உரிமம், பயணச்சீட்டு என ஏற்கெனவே நடப்பில் உள்ள ஒன்று செல்லாமல் போவதுதான் ரத்து. இந்தப் பெட்டியில் இன்னும் எதுவும் நடக்கவே இல்லையே?

ஆகவே கேள்வி கேட்கும் பெட்டியில் 'வேண்டாம்' என்று வைக்கலாம். பேச்சுத் தமிழாக இருக்கிறது என்பீர்கள். 'சரி' மட்டும் என்னவாம்? அதை யாரும் மறுக்கவில்லை. 'கைவிடு' எனக்கு ஒட்டவில்லை, ஆளைக் கைவிடுவது போன்ற கனம் அதில் இருக்கிறது. பாதிவரை இறங்கிய கோப்புக்கு 'நிறுத்து' போதும். மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் ஒரு சொல் எந்தச் சூழலில் வருகிறது என்று குறிக்க வழி இருப்பதால், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் கொடுக்கத் தடையில்லை.

முன்பதிவுப் பெட்டியில் மட்டும் 'சரி'யையும் எடுத்துவிட்டு 'ரத்து செய்', 'வேண்டாம்' என்று மாற்றிப் பார்த்தேன். கேள்வியைப் படிக்காமலே எது எதற்கு என்று தெரிகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.