பெரியப்பாவின் காது இரைச்சல்

பெரியப்பா (காலை 5:40): இரு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற இரைச்சல்; இரவு 3 மணிக்குப் பிறகு கண்ணை மூட முடியவில்லை. வீட்டுக் கடன் தவணை நெருங்கும் வாரத்தில் இது கூடுவதும், 5ஆம் தேதி தாண்டியதும் தணிவதுமாக இருக்கிறது. எல்லாம் என் பிரமைதானோ?

அத்தை: நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், அண்ணா.

நான்: வேண்டாம், அத்தை, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். பெரியப்பா, இது பிரமை அல்ல. நூற்பாலைச் சத்தத்தில் 32 ஆண்டுகள் நின்றவர் நீங்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் நலிந்தால் மீண்டும் வளர்வதில்லை. காதிலிருந்து வரும் சைகை குறையக் குறைய, மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்வதால் இந்த ஒலி எழுகிறது என்பதே பரவலான விளக்கம். அதை ஆபத்தின் அறிகுறியாக மூளை எடுத்துக்கொண்டால், உடல் பதறி, கவனம் முழுவதும் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும் என்று நரம்பியல் ஆய்வாளர் ஜாஸ்ட்ரிபாஃப் 1990இல் விளக்கினார். கவலை ஏறும் வாரத்தில் இரைச்சலும் ஏறுவது இதனால்தான்.

பெரியப்பா: நேற்று இரவு பத்தரை மணிக்குக் கணக்கு நோட்டை எடுத்தேன். 1,800 ரூபாய் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை கூட்டியும் பிடிபடவில்லை.

நான்: அந்தப் பல்லைக் கடிப்பதும் ஒரு காரணமாகலாம், தாடையும் கழுத்தும் இறுகினால் சிலருக்கு இரைச்சல் கூடும்.

தம்பி: அப்பா, அந்த 1,800 நான் எடுத்துக் கட்டிய கேஸ், கேபிள் பணம். சொல்ல மறந்துவிட்டேன். இனிக் கணக்கைக் காலைக் காபிக்குப் பிறகு இருவருமாகப் பார்ப்போம்.

நான்: நிசப்தமான அறையில்தான் இரைச்சல் தலைதூக்கும். ஃபேன் ஓடட்டும், அல்லது ரேடியோ மெதுவாகப் பாடட்டும்; இரைச்சலை அமுக்கும் அளவுக்குச் சத்தம் வேண்டியதில்லை. மனநல ஆலோசகர்கள் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) ஒலியைக் குறைக்காது, ஆனால் அதனால் வரும் தொல்லையைக் குறைக்கிறது. முதலில் ஆடியோகிராம் (கேள்திறனை அளக்கும் சோதனை) எடுங்கள்; கேள்திறன் குறைந்திருந்தால் காது கருவியே பாதி நிம்மதி தரக்கூடும். ஒரு காதில் மட்டும் இரைச்சலோ, நாடியோடு சேர்ந்து துடிக்கும் ஒலியோ வந்தால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

பெரியப்பா: மில்லில் அத்தனை மெஷின் ஓடும்போது மூட்டை மேல் சாய்ந்து தூங்கியவன் நான். உன் பெரியம்மா நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆடியோகிராமுக்குச் சனிக்கிழமை போகலாமா?