புதுச்சேரி தமிழ்ப்பகுதி பழைய வீடுகள்: மெட்ராஸ் டெரஸ், சுண்ணாம்பு, முகப்பு – அனுபவப் பகிர்வு

கட்டடப் பொறியாளர்
பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீடுகளில் கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம் எனத் தமிழ் அமைப்பு. மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூண் வேலையும். வாங்கியவர்கள் முதலில் முகப்புக்குத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். தயவுசெய்து முதலில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைநீர்த் தூம்பு, அதற்கு நேர் கீழே தளத்தைத் தாங்கும் மரக்கட்டையின் முனை: இந்த மூன்றில்தான் வீடு சாகிறது. 2014 நவம்பர் மழையில், ஏற்கெனவே பழுதடைந்திருந்த மேரி கட்டடம் (பழைய நகராட்சி மாளிகை) மொத்தமாக இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது.

தச்சு வேலை
கட்டை நடுவில் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் போகும் ஒரு சாண் நீளம்தான் உளுத்துப்போகும், காற்றே படாததால். சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் சிரமமில்லாமல் இறங்கும். அதற்காக முழுக் கட்டையையும் கழற்ற வேண்டாம். கீழே முட்டுக் கொடுத்து, அழுகலைத் தாண்டி நல்ல மரம் வரை வெட்டி, காய்ந்த தேக்கைச் சரிவு வெட்டாக இணைத்து போல்ட் போடலாம். இணைப்பின் நீளத்தையும் போல்ட்டையும் பொறியாளர் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். புது முனையைச் சுற்றிக் காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். சிமென்ட் வைத்து அடைத்தால் அதே முனை திரும்ப உளுக்கும்.

சுண்ணாம்புக் கொத்தனார்
மெட்ராஸ் டெரஸுக்கு வருவோம், அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடும் மாடித் தளம். கட்டைகள் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் இருக்கும். அவற்றின் மேல் 6×3×1 அங்குலச் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் நிமிர்த்தி வைத்து, மூலைவாட்டமாக அடுக்க வேண்டும். அது இறுகிய பிறகு 3 முதல் 4 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடி வாங்கவே நாள் கணக்காகும். கட்டை பட்டுத் துள்ளும் வரை நிறுத்தக் கூடாது. அவசரத்தில் பாதி அடித்து விட்டால் உள்ளே பொந்து நின்று, தண்ணீர் அங்கேயே தங்கும். கடைசியாக மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்க வேண்டும். வாட்டத்தை ஜல்லி போடும்போதே கொடுத்துவிட வேண்டும், ஓட்டில் சரிசெய்ய முடியாது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் தொடங்குவது நல்லது. கத்திரி வெயிலில் போட்டால் ஈரம் சீக்கிரம் போய் வெடிக்கும். ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டியிருக்கும்.

கட்டடப் பொறியாளர்
ஒழுகும் தளத்தின் மேல் சிமென்ட் கான்கிரீட் ஊற்றும் பழக்கத்தை யாராவது தடுத்தால் புண்ணியம். 2 அங்குலம் ஊற்றினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கூடுகிறது, அதுவும் முனை உளுத்த கட்டையின் மேல். சுவரிலும் அப்படித்தான். சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. கடற்கரை ஊரில் உப்பு வேறு உண்டு. அது பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பழைய செங்கல்லை மாவாக உதிர்க்கும். பூச்சு மட்டும் கெட்டியாக நிற்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுண்ணாம்பு 1, மணல் 3 கலவையில் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

கட்டடக்கலைஞர்
முகப்பு ஒரு வீட்டுக்காரர் விஷயம் மட்டுமல்ல. வைசியாள் வீதியில் வரிசையாகத் தாழ்வாரங்களை மீட்டதால்தான் அந்தத் தெரு தெருவாகத் தெரிகிறது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. நடுவில் ஒரு வீடு தாழ்வாரத்தை இடித்து ஷட்டர் போட்டால் வரிசையே உடையும். வேலைக்கு முன் ஒவ்வொரு தூணையும் கதவையும் அளந்து வரைந்து, படமெடுத்து, எண் எழுதி வையுங்கள். நகர அமைப்புக் குழுமத்தில் அனுமதி கேட்கும்போதும், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பில் ஆலோசனை கேட்கும்போதும் அந்த வரைபடம்தான் பேசும். கழற்றிய மரத்தைச் சாலையில் போட்டு வைக்காதீர்கள், மறுநாள் இருக்காது.

தச்சு வேலை
இன்னொன்று: ஏசி வெளிப்பெட்டியைத் தாழ்வாரத்துத் தூணிலோ உத்தரத்திலோ மாட்டவே கூடாது. அதிர்வில் பொருத்து தளரும், சொட்டும் தண்ணீர் தூணின் அடியில் இறங்கும். முற்றத்துப் பின்சுவரில் மாட்டி, தண்ணீருக்குத் தனிக் குழாய் விடுங்கள்.