மன்றத்தில் முடிவெடுத்தார்கள், எங்கள் ஷிஃப்டில் ஒரு நாற்காலி காலியானது

தடை, பேச்சுவார்த்தை என்று செய்தியில் வருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் பார்த்தது ஜெனீவா அருகே, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில். அங்கே சிஎம்எஸ் என்ற துகள் உணர்கருவியில் வேலை செய்த பல்கலைக்கழகக் குழு ஒன்றில் இருந்தேன்.

ரஷ்யா உக்ரைனுக்குள் படையுடன் நுழைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2022 மார்ச் 8 அன்று, செர்னை நிர்வகிக்கும் மன்றம் ரஷ்யாவின் பார்வையாளர் தகுதியை நிறுத்தி வைத்தது. மன்றத்தில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் இரண்டு பிரதிநிதிகள்: ஒருவர் அரசின் சார்பில், மற்றவர் அறிவியலின் சார்பில். ஓட்டு நாட்டுக்கு ஒன்றுதான். அரசுகள் பேசி முடிவெடுக்கும் இடம் அது.

எங்கள் மேசைக்கு வந்த முதல் சிக்கல், கட்டுரைகளில் பெயர் போடுவது. ஒரே கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள். ரஷ்ய நிறுவனங்களின் பெயர் வரக் கூடாது என்றார்கள் சிலர். வருஷக்கணக்கில் உழைத்தவர்களை எப்படி விட முடியும் என்றார்கள் வேறு சிலர். உக்ரைனின் கார்கிவ் நகரில் அம்மாவை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு தோழி, "எங்கள் தெருவில் குண்டு விழுகிறது, அந்தப் பெயர்களோடு என் பெயரும் சேர்ந்து வர வேண்டுமா?" என்று கேட்டாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கட்டுரைகள் இதழ்களில் வராமல் நின்றன. 2023 தொடக்கத்தில் ஒரு வழி கிடைத்தது. ரஷ்ய நிறுவனத்தைச் சேர்ந்த ஆசிரியரின் பெயர் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும் இடத்தில், செர்னுடன் ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும் வரும்.

என்னோடு இரவு ஷிஃப்ட் பார்த்தவர் ஒரு ரஷ்யர், வயதில் மூத்தவர். எங்கள் கருவியில் உள்ள பித்தளையின் ஒரு பகுதி, இரண்டாம் உலகப் போர் காலத்து ரஷ்யக் கடற்படைக் குண்டு உறைகளை உருக்கி எடுத்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகள். அந்தக் கதையை எனக்குச் சொன்னதே அவர்தான்.

2023 டிசம்பரில் மன்றம் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று உறுதி செய்தது. 2024 நவம்பர் 30-உடன் அது முடிந்தது. மன்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன், போரைத் தொடங்கியது மன்றம் இல்லை. ரஷ்யாவின் தூப்னா நகரில் உள்ள பன்னாட்டு ஆய்வுக் கழகத்துடனான உறவை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். ஒரு கதவாவது திறந்திருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். தோழி இதை ஒப்புக்கொள்ளவில்லை, அவள் பக்கமும் எனக்குப் புரிகிறது.

ஒப்பந்தம் முடிந்ததால் ரஷ்ய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் செர்னில் தொடர முடியவில்லை. அவர்களில் சிலர் வேறு நாட்டு நிறுவனங்களில் சேர்ந்துகொண்டார்கள். என்னோடு இரவு ஷிஃப்ட் பார்த்த அந்த ரஷ்யரால் அது முடியவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். கருவியின் எந்தச் சேனல் எப்போது தகராறு செய்யும், என்ன செய்தால் சரியாகும் என்று பென்சிலில் எழுதியிருந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று ரஷ்ய மொழிக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்தார்.

மறுமொழி:

உங்கள் பதிவைப் படித்ததும் மியூனிக் பக்கம் படித்த நாட்கள் ஞாபகம் வந்தன. ரஷ்யாவின் ஸ்பெக்டர்-ஆர்ஜி விண்கலத்தில் ஜெர்மனியின் இரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கி இருக்கிறது. போர் தொடங்கியதால் 2022 பிப்ரவரி 26 அன்று ஜெர்மனி தரப்பில் அதை உறக்க நிலைக்கு மாற்றினார்கள். எட்டு முறை முழு வானத்தையும் பார்க்கத் திட்டம், நான்குதான் முடிந்திருந்தது. தரவில் வானத்தின் ஒரு பாதி ஜெர்மனிக்கு, மறு பாதி ரஷ்யாவுக்கு என்பது ஒப்பந்தம். 2024 ஜனவரியில், முதல் முறை பார்த்ததில் ஜெர்மனியின் பாதி வெளியானபோது, எக்ஸ்ரே வெளிவிடும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்பொருள்கள் அதில் இருந்தன. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மறு பாதியில் என்னென்ன இருக்கும் என்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.