பள்ளிக்காகப் படிக்கும் நாவலும் மாணவர் எழுதும் எதிர்வினையும்: குறிப்பேடுகளில் காண்பவை

மொழியாசிரியர், உயர்நிலை வகுப்புகள்

பாடத்துக்காக நாவல் படித்த மாணவர்கள் எழுதித் தரும் எதிர்வினைகளில் அடிக்கடி கண்ணில் படுவதை இங்கே பகிரலாம். நான் தொடங்குகிறேன்.

பெரும்பாலான தாள்கள் கதைச்சுருக்கமாகத்தான் வருகின்றன. இன்னார் வந்தார், இன்னது நடந்தது, கடைசியில் இப்படி முடிந்தது. அதன் கீழே "இந்த நாவல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, நேர்மையின் அவசியத்தை உணர்ந்தேன்" என்று இரண்டு வரி. இதைச் சோம்பல் என்று ஒதுக்கக் கூடாது. புத்தகத்தை முடித்துவிட்டு எழுத உட்காருவதுதான் காரணம். முடிவு தெரிந்த பிறகு மனத்தில் நிற்பது கதை மட்டுமே. நடுவில் ஒரு பாத்திரத்தின் மேல் வந்த சந்தேகம், ஓர் உரையாடலில் கிளம்பிய எரிச்சல், தப்பாகப் போட்ட கணக்கு எல்லாம் அதற்குள் கரைந்துவிடும். எதிர்வினைக்கு வேண்டிய சரக்கே அவைதான்.

அதனால் படிக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும். நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நாவலின் வரி, அத்தியாய எண், பக்க எண். வலப்பக்கம் அந்த வரி என்ன செய்தது என்பது. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் அத்தியாய எண்ணை விடக் கூடாது. மேற்கோள் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம். பத்தி முழுவதையும் நகலெடுப்பவருக்கு வலப்பக்கம் எழுதும் முன்பே கை ஓய்ந்துவிடும். அத்தியாயத்துக்கு இரண்டு பதிவு தாராளம். அதற்கு மேல் கேட்டால் நாவலே சுமையாகிவிடும்.

பழைய பதிவு தவறு என்று பின்னால் தெரிந்தால் அடிக்க விடாதீர்கள். கீழே புதிதாக எழுதச் சொல்லுங்கள். எண்ணம் எங்கே மாறியது என்பது அப்போதுதான் தெரியும்.

வாசிப்பு வட்டம் நடத்துபவர்

வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். ஓர் இடத்தை வைத்தே காட்டுகிறேன். 1945இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணை நாவல், ஆறாம் அத்தியாயம். மனிதரை விரட்டிப் பண்ணையைக் கைப்பற்றிய விலங்குகள், தங்களுக்கான கட்டளைகளை இரண்டாம் அத்தியாயத்திலேயே சுவரில் எழுதிவைத்திருக்கின்றன. இப்போது தலைமை தாங்கும் பன்றிகள் பண்ணை வீட்டுக்குள் குடியேறிக் கட்டிலில் படுக்கத் தொடங்கிவிட்டன. கட்டிலில் படுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததாகக் க்ளோவர் என்ற பெண் குதிரைக்கு நினைவு. அதற்குத் தனி எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. முரியல் என்ற ஆட்டை அழைத்துப் படிக்கச் சொல்கிறது. "விரிப்பு போட்ட கட்டிலில்" படுக்கக் கூடாது என்று சுவரில் இருக்கிறது. விரிப்பு பற்றி எதுவும் இருந்ததாகக் க்ளோவருக்கு நினைவில்லை. ஆனாலும் சுவரில் இருக்கிறதே, அப்படியென்றால் இருந்திருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொள்கிறது.

இந்த இடத்துக்கு மூன்று வகையான பதிவுகள் வரும்.

"பன்றிகள் ஏமாற்றுகின்றன. இது தவறு." இது தீர்ப்பு. நாவலைத் திறக்காமலே எழுதிவிடலாம்.

"க்ளோவர் தன் நினைவைவிடச் சுவரை நம்புகிறது. படிக்கத் தெரியாததால்தானா?" இங்கே கேள்வி பிறந்துவிட்டது.

"எனக்கும் சந்தேகம் வந்து இரண்டாம் அத்தியாயத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். அங்கே விரிப்பு என்ற சொல் இல்லை. திருப்பிப் பார்க்க எனக்குப் பக்கம் இருக்கிறது, க்ளோவருக்கு இல்லை." இதைத்தான் நான் எதிர்வினை என்பேன். படிக்கிறவர் தான் செய்த செயலையே கவனித்திருக்கிறார். அதன் வழியாக நாவல் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தொட்டுவிட்டார்.

இரண்டாவது வகையிலிருந்து மூன்றாவதற்குப் போக ஒரு கேள்வி உதவும்: "இந்த வரியைப் படித்ததும் நீ என்ன செய்தாய்?" நின்றாயா, திரும்பப் படித்தாயா, வேகமாகத் தாண்டினாயா, முந்தைய பக்கம் தேடினாயா? உணர்ச்சியைக் கேட்டால் "சோகமாக இருந்தது" என்பதோடு நின்றுவிடுவார்கள். செயலைக் கேட்டால் விவரம் வரும்.

விடைத்தாள் திருத்துபவர்

திருத்தும்போது திரும்பத் திரும்பக் காணும் பிழை, கதைசொல்லியையும் ஆசிரியரையும் ஒருவராக்குவது. "நான்" என்று தன்மையில் சொல்லப்படும் நாவல்களில் இது கூடுதல். 1884இல் முதலில் வெளிவந்த மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில், 31ஆம் அத்தியாயத்தில், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தைக் கதை சொல்லும் சிறுவன் ஹக் எழுதி முடித்து, பிறகு கிழித்துப் போடுகிறான். ஜிம்முக்கு உதவினால் நரகம்தான் என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். "ஜிம்முக்கு உதவுவது பாவம் என்கிறார் ஆசிரியர்" என்று ஒரு தாள் எழுதினால் நாவல் தலைகீழாகிவிடும். பையனுக்குச் சமூகம் கற்றுக்கொடுத்தது ஒன்று, அவன் மனம் செய்தது வேறு. அந்த இடைவெளியை வாசகர் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

தடுக்கும் வழி எளிது. எந்த மேற்கோளுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம்: யார் சொல்கிறார், யாரிடம், அப்போது அவருக்கு என்ன தெரியாது. மூன்றாவதை எழுதிப் பழகியவர்கள் இந்தப் பிழையில் விழுவது அரிது.

நூலகர்

"சலிப்பாக இருந்தது" என்று எழுதும் மாணவரை மடக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் சலிப்பு தொடங்கியது என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் காரணம் கிடைக்கும்: நீண்ட வருணனை, சொல்லாமல் பின்னோக்கிப் போன காலம், அல்லது ஒரே நேரத்தில் நுழைந்த ஐந்தாறு பெயர்கள். பெயர்க் குழப்பத்துக்கு மருந்து, முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குள் அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டும் ஒரு துண்டுத்தாள். யாருக்கு யார் என்ன உறவு என்று. காலம் குழம்பினால் ஓரத்தில் "முன்பு", "இப்போது" என்று பென்சிலால் குறித்தால் போதும். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், அது நல்ல கட்டுரை. வேகத்தை ஆசிரியர் ஏன் அங்கே குறைத்தார், அது பலித்ததா என்று வாதாட இடம் இருக்கிறது. பொய்யான பாராட்டைவிட அது எவ்வளவோ மேல்.

மொழியாசிரியர், உயர்நிலை வகுப்புகள்

நூலகர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாசகரும் பிரதியும், அதாவது படிக்கும் நூலும், சந்திக்கும் இடத்தில்தான் பொருள் உண்டாகிறது என்ற பார்வையை அமெரிக்க இலக்கியக் கல்வி அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938லேயே முன்வைத்தார். அதை எடுத்துக்கொண்டு "எனக்குத் தோன்றியது எல்லாம் சரி" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. வாசிப்புக்குப் பிரதியில் ஆதாரம் இருக்க வேண்டும், பிரதியின் எந்தப் பகுதியோடும் அது முரண்படக் கூடாது என்பது அவர் வைத்த வரம்பு. தகவலை எடுத்துப்போகப் படிப்பதையும் அனுபவிக்கப் படிப்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். நாயகியின் தம்பி பெயர் என்ன, எந்த ஊருக்குப் போனார்கள் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் வினாடி வினா வைத்தால், பிள்ளைகள் நாவலைத் தகவலுக்காகவே புரட்டுவார்கள். பிறகு எதிர்வினை வரவில்லை என்று நாமே குறைபட்டுக்கொள்வோம்.

விடைத்தாள் திருத்துபவர்

குறிப்பைக் கட்டுரையாக்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே. 400 சொல் கட்டுரை என்றால் இருபது பதிவிலிருந்து மூன்றுதான் எடுக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று உரச வேண்டும். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒன்று போதும். ஒவ்வொன்றுக்கும் சூழல் இரண்டு வாக்கியம், பிறகு மேற்கோள், மீதி இடம் முழுவதும் அந்தச் சொற்களைப் பற்றி. சூழலே அரைப்பக்கம் ஓடினால் கதைச்சுருக்கம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்று பொருள். ஆசிரியர் பிறந்த ஆண்டோடு தொடங்கும் முதல் பத்தியைக் கூசாமல் வெட்டலாம்.

முடித்ததும் ஒரு சோதனை: நாவலின் பெயரையும் பாத்திரப் பெயர்களையும் கையால் மறைத்துப் படியுங்கள். அந்தப் பத்தி வேறொரு நாவலுக்கும் பொருந்தினால் அது இன்னும் எழுதப்படவில்லை. இணையத்திலிருந்து எடுத்த ஆயத்தக் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

வாசிப்பு வட்டம் நடத்துபவர்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் எழுத்துப்பிழை திருத்த வேண்டாம், அதைக் கட்டுரையில் பாருங்கள். "நன்று" என்பதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள், அதுவும் வலப்பக்கப் பதிவிலுள்ள சொல்லை வைத்து. நோட்டை மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒருமுறை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். புத்தகம் முடிந்த பிறகு எழுதும் கேள்விக்கு விடை தேட மாணவர் மறுபடி புத்தகத்தைத் திறப்பதில்லை.