அப்பாவின் எம்எம் 540: ஓட்டுவதா, மூடி வைப்பதா?

பாமணியாற்றுக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டில் 1992 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கிறது. பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி, ஃபோர் வீல், அதாவது வேண்டும்போது நாலு சக்கரமும் இழுக்கும். அப்பா வாங்கிய வண்டி. அது வீட்டுக்கு வந்தபோது திருவாரூர் மாவட்டமே கிடையாது, அது 1997-இல்தான் வந்தது. அவ்வளவு பழசு.

அப்பா 2023-இல் தவறிவிட்டார். அதற்கப்புறம் வண்டி என் கையில். சும்மா வைத்திருக்கவில்லை, ஓட்டுகிறேன். விதை நெல், உர மூட்டை, நாற்றுக்கட்டு, ஆயில் இன்ஜின், சில நாள் அம்மாவும் கோயிலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வயலுக்குப் போகும் வாய்க்கால் தடத்தில் டிராக்டரை விட்டால் இது மட்டும்தான் போகும்.

போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய ஜீப் சேர்ப்பவராம். பந்தியில் இலை போட்டதைக்கூட கவனிக்காமல் பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். செல்போன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தைத்தான் பார்த்தார், இன்ஜினைக் கடைசியில்தான் கேட்டார். நாலே முக்கால் லட்சம் தருவதாகச் சொன்னார். நான் தலையை ஆட்டாததைப் பார்த்து, "இப்போது தராவிட்டால் பரவாயில்லை. ஆனால் இனிமேல் சேற்றில் இறக்காதீர்கள். அப்படியே வைத்தால் விலை ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்துகிறது. ரோட்டிலிருந்து முன்சக்கரத்தைத் தடத்தில் இறக்கும்போதெல்லாம் சட்டைப்பையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. மச்சான், "கொட்டகையில் நிறுத்தி மூடு, வேலைக்குப் பழைய மினி லாரி ஒன்று வாங்கிக்கொள்" என்கிறார். அம்மாவோ, "ஓடாத வண்டிக்கு எதுக்குடா கொட்டகை, ரெண்டு மாடாவது கட்டலாம்" என்கிறாள்.

இன்னொன்று. பின்கதவில் பெரிய நசுங்கல் இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடியற்காலை தென்னை சாய்ந்து விழுந்தது. அந்தக் கதவைக் கொச்சக் கயிற்றால் கட்டிக்கொண்டே அப்பா நாலு நாள் தண்ணீர் கேனும் பால் பவுடரும் ஏற்றிக்கொண்டு சுற்றினார். ரோடு முழுக்க மரம் கிடந்ததால் வயலில் இறங்கி ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அந்த நசுங்கலை எடுத்துப் பட்டி பார்த்து, வண்டி முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கலாம் என்றிருந்தேன். வந்தவர் அதையும் தொடாதே என்றார்.

ஓட்டினால் உண்மையிலேயே விலை இறங்குமா? நிறுத்தினால் ஏறுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஹீட்டர் பிளக் எழுதியது:

தம்பி, கும்பகோணத்தில் முப்பது வருடமாக டீசல் வேலை பார்க்கிறேன். விலையைப் பற்றிப் பேச நான் ஆள் இல்லை. நிறுத்தி வைத்த வண்டி என் பட்டறைக்கு எந்த நிலையில் வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு வருடம் நின்ற வண்டி தானாக வராது, கட்டி இழுத்துத்தான் வரும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டருக்குள் துரு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், நாலையும் கழற்ற வேண்டும். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். டேங்கில் பாதி டீசலோடு நிறுத்தியிருந்தால் மேலே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். அந்தத் தண்ணீர் பம்புக்குப் போனால் செலவு என்னவென்று உங்களுக்கே தெரியும். அப்புறம் எலி. நெல் வீட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. போன தையில் ஒரு வண்டியின் ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே அரைப்படி நெல்லும் நாலு குஞ்சும்.

அதற்காக நீங்கள் ஓட்டும் விதம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். வயலிலிருந்து வந்ததும் வண்டியைக் கழுவுகிறீர்களா? நம்மூர்க் களி காய்ந்தால் செங்கல். டிரம்முக்குள் போன களி லைனிங்கையும் டிரம்மையும் சேர்த்து ராவிவிடும். சேஸிஸ் மடிப்பில் தங்கிய களி ஆறு மாதம் ஈரத்தை விடாது, துரு அங்கிருந்துதான் தொடங்கும். வண்டியின் உடம்பில் ஒட்டிய சேறு கண்ணுக்குத் தெரியும், யாராவது கழுவிவிடுவார்கள். மடிப்பில் இருப்பதுதான் வண்டியைத் தின்னும்.

அச்சு முழுகும் அளவு தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே வீடு திரும்பி முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். ஜாயின்ட் கிராஸிலும் ஸ்டீரிங் முட்டுகளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புது கிரீஸ் அடியுங்கள். ரோட்டில் நெல் காயும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வைக்கோல் வண்டிக்கு அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்டில் கயிறு மாதிரி சுற்றும், சைலன்சரில் பட்டால் பற்றும். குனிந்து பிய்த்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபோர் வீலை மாதம் ஒருமுறையாவது ஈர மண்ணில் போட்டு ஓட்டுங்கள். தார் ரோட்டில் போடாதீர்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிற டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், பின்சக்கரம் குறைவாக ஓடும், அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்டும் கியரும் வாங்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கை விட்டுவிடும். அதனால் உங்கள் வயல் தடம் இந்த வண்டிக்கு எதிரி இல்லை, அதற்காகவே செய்த வண்டி.


உப்புக்காத்து எழுதியது:

வேதாரண்யம் பக்கம். எங்கள் மாமாவிடம் ஒரு ஜீப் இருந்தது. விலை ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி ஆறு வருடம் வைத்திருந்தார். தார்ப்பாய்க்குள் போன கடல் காற்று வெளியே வரவில்லை. பிரித்தபோது தரைத்தகடு அப்பளம். இரும்புக்கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். மூடுவதாக இருந்தால் காற்று போகும் பருத்தித் துணி போடுங்கள். கழுவும் தண்ணீர் உவர் போர்வெல்லாக இருந்தால் கழுவாமலே விடலாம்.

வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. மாமா இப்போதும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.


உயரமூக்கு 67 எழுதியது:

நான் திருச்சி. என்னிடம் 1967 சிஜே3பி ஜீப் இருக்கிறது, ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். அதன் பானட் உயரமாக இருப்பதை எல்லோரும் அழகு என்பார்கள். உண்மையில் அந்த இன்ஜினின் இன்லெட் வால்வு தலையில் வந்ததால் இன்ஜின் உயர்ந்துவிட்டது, மூடுவதற்குப் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே இருவரும் சொன்னதோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. நான் என் வண்டியை அதிகம் ஓட்டுவதில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை காவிரிக்கரை ஓரமாக இருபது கிலோமீட்டர், இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை. மழை நாளில் எடுக்கவே மாட்டேன். நிறுத்தி வைப்பதும் ஒரு வேலைதான், முறையாகச் செய்தால் கெடாது. ஆனால் எனக்கு வயல் இல்லை, நேரம் இருக்கிறது. உங்கள் கதை வேறு.

வாங்க வருபவர் எதைப் பார்ப்பார் என்பதை நான் சொல்ல முடியும், நானே நாலு பேரிடம் வாங்கியும் விற்றும் இருக்கிறேன். கிலோமீட்டரை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வயது ஜீப்பில் மீட்டர் கேபிள் எப்போதோ அறுந்திருக்கும். பார்ப்பது மூன்றை. சேஸிஸில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா. சேஸிஸில் அடித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருப்பதோடு ஒத்துப்போகிறதா. தொழிற்சாலையில் வந்த தகடும் இன்ஜினும் இன்னும் அதிலேயே இருக்கிறதா. வேறு வண்டி இன்ஜினை இறக்கி, பவர் ஸ்டீரிங், அகல டயர், விளக்கு வரிசை என்று மாற்றிய ஜீப் சாலையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சேர்ப்பவர் அதைத் தொட மாட்டார். சட்டப்படியும் அது சிக்கல், இன்ஜின் மாற்றினால் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

அதனால் பின்கதவை விடுங்கள். உங்களிடம் வந்தவர் சொன்னது சரி. பழைய பெயிண்ட் மேல் பட்டி வைத்து மினுக்கினால், அடியில் எதை மறைத்திருக்கிறான் என்றுதான் முதலில் சந்தேகம் வரும். நசுங்கல் பொய் சொல்லாது.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா 2023-இல் தவறிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்சி யார் பெயரில் இருக்கிறது? இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், நீங்கள் சேற்றில் ஓட்டி இழப்பதைவிட அதில்தான் அதிகம் இழக்கிறீர்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாரிசு 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் கடந்திருந்தாலும் போங்கள், அபராதம் கட்டலாம். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு எந்த வெளியூர்க்காரரும் முழு விலை கொடுக்க மாட்டார். இடையில் விபத்து ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸில் என்ன பாடு படுத்துவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பதிவுப் புதுப்பிப்பையும் பாருங்கள். 15 வருடம் முடிந்தபின் 5 வருடத்துக்கு ஒருமுறை. 1992 என்றால் உங்களுக்கு அடுத்தது 2027. 20 வயது தாண்டிய கார், ஜீப் வகைக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டது. தவறவிடாதீர்கள்.

வின்டேஜ் பதிவு என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி அது 50 வயது தாண்டிய வண்டிக்கு, 'விஏ' என்று எழுத்து போட்ட நம்பர் பிளேட். உங்களுடையதற்கு 2042 வரை அந்தப் பேச்சே இல்லை. என் வண்டிக்குத் தகுதி இருந்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. அந்த இருபது கிலோமீட்டரும் போய்விட்டால் எனக்கு எதற்கு வண்டி?


பாமணியாற்றுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆர்சி அப்பா பெயரில்தான் இருக்கிறது. 67 சார் கேட்டதும் உடம்பு ஒரு நிமிடம் சில்லென்றாகிவிட்டது. பெயர் மாற்றினால் அவரே போய்விட்ட மாதிரி இருக்கும் என்று அம்மா முன்பு ஒருமுறை சொன்னாள், நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று உட்கார்ந்து பேசினோம். வாரிசுச் சான்றிதழ் ஏற்கனவே இருக்கிறது, நிலப் பட்டாவுக்காக எடுத்தது. அக்கா கையெழுத்து வேண்டும், அவள் தீபாவளிக்கு வருகிறாள்.

ஹீட்டர் பிளக் அண்ணே, நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பின்பக்க இடது டிரம்மைக் கழற்றினேன். ஒரு கை நிறைய களி. அதில் நண்டு ஓடு ஒன்று. எத்தனை நாளாக என்னோடு ஊர் சுற்றியதோ தெரியாது. டிரம் உள்பக்கம் விரல் வைத்தால் கோடு கோடாகத் தட்டுகிறது. கடைசல் பிடித்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?


ஹீட்டர் பிளக் எழுதியது:

கோடு நகத்தில் தட்டும் அளவுதான் என்றால் லேசாகக் கடைசல் போதும். இரண்டு பின் டிரம்மையும் சேர்த்துக் கடையுங்கள், ஒன்றை மட்டும் கடைந்தால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். கடைசல்காரரிடம் மிச்சக் கனத்தை அளக்கச் சொல்லுங்கள், ரொம்ப மெலிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். மீதி மூன்றையும் திறந்து பாருங்கள். ஒன்றில் நண்டு இருந்தால் மற்றதில் நத்தை இருக்கும்.


உயரமூக்கு 67 எழுதியது:

கழற்றும் ஒரிஜினல் சாமான் எதையும் இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். தேய்ந்த டிரம்மாக இருந்தாலும் துடைத்து எண்ணெய் தடவி ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். நாளை விற்பதாக இருந்தால் அந்தச் சாக்கும் வண்டியோடு போகும், கேட்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

கோயம்புத்தூர்க்காரருக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?


பாமணியாற்றுக்காரன் எழுதியது:

ஃபோன் செய்தேன். இப்போதைக்கு விற்பதாக இல்லை, பெயர் மாற்றம் முடியட்டும் என்றேன். "சேற்றில் இறக்குகிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இறக்குகிறேன், ஆனால் இப்போது கழுவுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் பின்கதவைப் பற்றிக் கேட்டார். தொடவில்லை என்றதும், "அது போதும்" என்று வைத்துவிட்டார்.

டிரம் இரண்டும் கடைசலுக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை மேலப் பங்கு வயலுக்கு நாற்று ஏற்ற வேண்டும். மச்சானையும் வரச் சொல்லியிருக்கிறேன், பின்னால் நாற்றுக்கட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.