பொருள்: ‘அன்கேனி வேலி’க்குத் தமிழில் என்ன?

நண்பர்களே,
பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மனித உருவ ரோபோ பற்றிய பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதில் ‘அன்கேனி வேலி’ (uncanny valley) என்ற கருத்து வருகிறது: ரோபோ மனிதச் சாயலை நெருங்க நெருங்கப் பிடிக்கிறது. ஏறக்குறைய மனிதராகவே தெரியும் இடத்தில் திடீரென்று அருவருப்பும் பயமும் வருகின்றன. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதியது. வரைபடத்தில் கோடு சரிந்து மேலேறுவதால் இந்தப் பெயர். ஒலிபெயர்த்தால் பிள்ளைகள் முள்வேலி என்று படிப்பார்கள். ‘விநோதப் பள்ளத்தாக்கு’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

---

விநோதம் வடசொல்; அதில் பயமும் இல்லை. ‘அணங்குப் பள்ளம்’ என்று வையுங்கள்; அணங்கு என்றால் வருத்தும் தெய்வம். அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் தொல்காப்பியர் ‘அணங்கே விலங்கே’ என்று அணங்கைத்தான் முதலில் வைக்கிறார். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறளில் தலைவன் படும் ஐயமும் இதுதானே? எதிரே நிற்பது மனிதப் பெண்ணா, வேறொன்றா? அப்புறம், மோரி வைத்த பெயர் ‘புகிமி நோ தனி’. ஜப்பானியத்தில் தனி என்றால் பள்ளத்தாக்கு. அதில் நம் ‘தாழ்’ இருக்கிறது என்பது என் துணிபு. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வழியில் தேடினால் இன்னும் கிடைக்கும்.

---

ஐயா, ஓனோ சொன்ன தமிழ்-ஜப்பானிய உறவைப் பல மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாம். குறளின் ஐயத்தில் மயக்கம் உண்டு, அருவருப்பு கிடையாது.

ரோபோ தலை செய்பவர்களுக்கு இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் முகத்தில் 29 இணைச் செயற்கைத் தசைகளோடு சிரித்த ஒரு ரோபோவை மோரியே குறிப்பிடுகிறார். சிரிப்பின் வேகத்தைப் பாதியாக்கினால் போதும், அதே தசைகள் நகையை அச்சமாக்கிவிடும். சிலிகோன் தோலை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அசைவின் வேகம் பிசகினால் பள்ளம்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிந்தியா பிரசீல் உருவாக்கிய கிஸ்மெட் என்ற ரோபோ தலைக்குத் தோலே கிடையாது. பெரிய கண்கள், புருவம், சிவப்பு உதடு, ஆடும் காதுகள். மனிதராகக் காட்டிக்கொள்ளாததால் யாரும் மிரள்வதில்லை. மாடு மிரளுது என்றால் எல்லா ஊரிலும் புரியும். ‘மிரட்சிப் பள்ளம்’ என் பரிந்துரை.

---

மிரட்சி பேச்சு வழக்கு. ‘வெருட்சி’ என்றாவது எழுதுங்கள்.

---

வெருட்சிக்கு வகுப்பில் பொருள் சொல்லவே தனி நேரம் வேண்டும். மாணவர்கள் ‘பாத்தா ஒரு மாதிரி இருக்கு’ என்பார்கள். மிரட்சி அதற்குப் பக்கத்தில் வருகிறது. பெரும்பாலோர் ஒப்புவதால் சரி, ‘மிரட்சிப் பள்ளம்’ என்றே அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள், என் மறுப்பும் பதிவாகட்டும். மிரட்சி ஒரு நொடித் திடுக்கிடல். மெதுவாகச் சிரிக்கும் முகம் நம்மை விடாமல் வருத்துகிறது. அணங்குதல் என்றாலே வருத்துதல்தான்.